சரணடையாத வீடு

சிசிலித் தீவின் பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், சினோரா எர்சிலியாவின் நாலுமாடி வீட்டின் மேல், ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இன்னமும் குண்டு போடுகின்றன. ஆபிரிக்காவிலிருந்து சிறோக்கோ காற்று வீசும் காலைகளில் அவை வரும். பக்கத்து வீட்டில் ஒரு கோப்பைகூட அசையாது. எதிரே இருக்கும் மீன்கடைக்காரன் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் பந்தலை இழுத்துவிடுவான், அதுவும் வெயிலுக்காகத்தான். அந்த வீட்டுக்குள் மட்டும் சுவர்கள் விழும். விழுந்த சுவர்கள் பொழுது சாய்வதற்குள் தாமாகவே எழுந்து நின்றுவிடும். ஆனால் தளபாடங்களில் படிந்த சுண்ணாம்புத் தூசி தானாகப் போகாது. கேட்காமல் போன காதும் திரும்பாது. முன்பு அங்கே வேலைசெய்த றுமேனியப் பெண்ணுக்கு ஒரு காது போயிற்று. அவளுக்கும் முந்தியவளுக்கு இரண்டுமே போயின.

விமானக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களையும் அவற்றைக் காவல்காத்த பீரங்கிகளையும் அழித்துவிட்டு வா என்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். கப்பல்கள் மூழ்கின, பீரங்கிகள் உடைந்தன, அந்த யூலை மாதத்தில் நகரம் முழுவதும் கைகளை உயர்த்தியது. எர்சிலியாவின் தகப்பன் மட்டும் உயர்த்தவில்லை. பீரங்கிப்படையில் அதிகாரியாக இருந்த அவர், தன் மொட்டைமாடியில் ஏற்றி வைத்த விமான எதிர்ப்புப் பீரங்கியை இறக்க மாட்டேன் என்று சொல்லி, யுத்தம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு கட்டிலில் படுத்துச் செத்தார். பீரங்கி துருப்பிடித்து நின்றது. அது நிற்கும்வரைக்கும் அந்த வீடு ஒரு இராணுவ இலக்குத்தானே, அவர்கள் முறைப்படிதான் வருகிறார்கள் என்று சந்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதைக் கழற்றச் சொல்லி வந்தவர்களையெல்லாம் எர்சிலியா வாசற்படியிலேயே நிறுத்தினாள். என் அப்பா தோற்கவில்லை, நானும் தோற்கப்போவதில்லை, போங்கள் என்றாள்.

மன்னாரிலிருந்து வந்த யோசப்பினும் அவள் புருசன் பவுலும் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் மொட்டைமாடி அறைதான். வியா மக்வேதாத் தெருவில் அவர்கள் இருந்த வீட்டை வீட்டுக்காரன் உல்லாசப் பயணிகளுக்கென்று மாற்றிவிட்டான். எர்சிலியாவோ வேலைக்கு வருகிறவளுக்கு அறையைச் சும்மா கொடுத்தாள், வேறு ஒருவரும் வராதபடியால். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஊர்க்காரி றோசமலர் யோசப்பினை மறித்துக் கேட்டாள்: "குண்டு விழுற வீட்டுக்கோ போறாய்? உனக்கென்ன விசரோ?"

"ஊரில கிபிர் பிளேன் சொல்லிப்போட்டே குண்டு போட வந்தது?" என்றாள் யோசப்பின். "இவங்கள் காத்தைப் பாத்து வாறாங்கள். இது எவ்வளவோ திறம்."

யோசப்பினுக்கும் எர்சிலியாவுக்கும் முதல்நாளே ஒத்துவரவில்லை. எர்சிலியா அவளை ஜுசெப்பினா என்று கூப்பிட்டாள். என் பெயர் யோசப்பின் என்றதற்கு, இந்த வீட்டில் ஜுசெப்பினாதான் என்றாள். யோசப்பினும் விடவில்லை, அன்று தொடக்கம் புருசனிடம் கதைக்கும்போது சினோராவுக்கு அவள் வைத்த பெயர் கிழட்டுக் கிபிர். விமானங்கள் வந்தால் யோசப்பின் சலவைக்கல் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்து, காதில் விரலை விட்டு, ஊரில் பழகியபடி வாயைத் திறந்துகொள்வாள். எர்சிலியா தகப்பனின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருப்பாள். "வாயைத் திறவுங்கோ சினோரா, காது போயிடும்" என்று கீழேயிருந்து ஒருமுறை கத்தியதற்கு, எதிரிக்கு முன்னால் நான் வாய் திறப்பதில்லை என்று மேலேயிருந்து பதில் வந்தது. பிறகு யோசப்பின் எழுந்து, வாளி வாளியாகத் தூசி அள்ளுவாள். இப்படியே வருடங்கள் போயின. ஒருத்திக்கு மற்றவளைக் கண்ணில் காட்டக்கூடாது, ஒருத்தி இல்லாமல் மற்றவளுக்கு நடக்கவும் நடக்காது.

நாற்பது தாண்டிய பிறகு யோசப்பினுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. இனிக் கிடைக்காது என்று அவளும் பவுலும் நேர்த்திக்கடனைக்கூட விட்டுவிட்ட நேரம். அவளுக்கு ஒரேயொரு பயம்தான் இருந்தது: பிள்ளையின் காது. பீரங்கியைக் கழற்றச் சொல்லிக் கேட்டாள், அழுதாள், சண்டை பிடித்தாள். பிள்ளையை வேறு வீட்டில் பெற்றுக்கொள் என்றாள் எர்சிலியா. பவுல் வேறு வீடு தேடி அலைந்தான். கைக்குழந்தைக்காரருக்குத் தர ஒரு அறையும் நகரத்தில் இல்லை. மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிற அவன், ஒருநாள் ஸ்பனரோடு மொட்டைமாடிக்கு ஏறினான். கிழவி முந்திக்கொண்டு போய்ப் பீரங்கி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, இருட்டும்வரை இறங்கவில்லை. பவுல் ஸ்பனரை வைத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்கு யோசப்பினிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மகள் பிறந்தாள், றெபேக்கா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டுப் பம்பேர்ஸ் கொடுத்துவிட்டார்கள். பச்சைப்பிள்ளைக்குப் பழந்துணிதான் என்று யோசப்பின் அதை மூலையில் போட்டுவிட்டு, மடு மாதா திருவிழாவுக்குப் பவுல் உடுத்தி உடுத்திப் பஞ்சாகிப் போயிருந்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"எடியே, அது என்ர வேட்டி!"

"இனி உங்கட மகளின்ர."

சதுரம் சதுரமாகக் கிழித்தாள். கொடிக்கயிறு போன குண்டில் அறுந்திருந்தது. வெயில் நன்றாகப் படுகிற இடம் பீரங்கிக் குழாய்தான். தோய்த்த துணிகளை அதில் வரிசையாக விரித்தாள். மறுநாள் காலையும் தோய்த்து விரித்து முடிய, சிறோக்கோ வீசியது. யோசப்பின் பிள்ளையின் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே கிடந்தாள். இரைச்சல் வந்தது, தலைக்கு மேலே சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. குண்டு விழவில்லை. மீன்கடைக்காரன் பிறகு சொன்னான், முன்னால் வந்த விமானம் வெள்ளைத் துணிகளைக் கண்டு இறக்கையை ஒருதரம் சாய்த்துவிட்டு, மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு மொண்டெல்லோப் பக்கம் போய்க் கடலுக்கு மேல் நின்றது என்று.

எர்சிலியா மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். "என் வீட்டைச் சரணடைய வைக்க நீ யார்?"

"நான் சரணடையேல்லை. பிள்ளையின்ர மூத்திரத் துணி காயப்போட்டனான்."

"அது அவர்களுக்குத் தெரியுமா?"

"அவை உயரத்தில நிக்கினம். மணக்காது."

"என் அப்பாவின் பீரங்கியில்! நாளைக்கே வெளியே போ."

"போறன். தூசியை ஆர் அள்ளுறது?"

"குண்டு விழாவிட்டால் தூசி ஏது, முட்டாளே?"

யோசப்பின் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்: "நான் போனா என்ர துணியும் போகும். அவங்கள் திரும்பி வருவாங்கள். அள்ளுங்கோவன் உங்கட கையால."

எர்சிலியாவின் கை குழாயில் தொங்கிய துணிவரை போனது. அது ஈரமாக இருந்தது. அழுக்கைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதன்பிறகு அவளும் பொறுமையாகத்தான் இருந்தாள். பிள்ளை வளர்ந்தால் துணி தோய்ப்பது நிற்கும் என்பது அவள் கணக்கு. பிள்ளை எழுந்து நின்றது, நடந்தது, சந்துப் பிள்ளைகளோடு சேர்ந்து சிசிலி இழுவையோடு இத்தாலியன் கதைத்தது. குழாயில் துணிகள் குறையக் குறையக் கிழவியின் முகம் மலர்ந்தது. ஒன்றும் நனையாத நாளும் வந்தது. யோசப்பின் பெட்டியிலிருந்த காய்ந்த துணிகளை எடுத்து விரிக்கப் போனாள்.

"நில்! காய்ந்ததைக் காயப்போட்டால் அது வெள்ளைக் கொடி. நீ சரணடையவில்லை என்று உன் வாயால்தான் சொன்னாய்."

யோசப்பின் துணிகளை மடித்துக்கொண்டு உள்ளே போய், மகளுக்கு மேசைக்குக் கீழே படுக்கவும் வாயைத் திறக்கவும் பழக்கினாள். ஆ, இன்னும் பெரிசா, ஆ. பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்தது. எர்சிலியா பதக்கத்தைத் துடைத்துக் குத்திக்கொண்டு, கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, சிறோக்கோவுக்குக் காத்திருந்தாள்.

காற்றுக்கு முன்னால் அவளுக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நாக்கு மட்டும் விழவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன், பெரியவர்களுக்கான பம்பேர்ஸும் வேண்டாம், இடுப்பில் எரிகிறது என்றாள். யோசப்பின் திட்டிக்கொண்டே பவுலின் இரண்டாவது வேட்டியையும் கிழித்தாள். விடிய விடிய நனைத்தாள் கிழவி. விடிந்ததும் தோய்த்து, பிழிந்து, பீரங்கிக் குழாயில் நுனிவரைக்கும் விரித்தாள் யோசப்பின். அன்று சிறோக்கோ வந்தது. இரைச்சல் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலகிப் போவதைக் கட்டிலில் கிடந்தவளும் கேட்டாள்.

"ஜுசெப்பினா. எங்கே காயப்போட்டாய்?"

"வெயில் படுற இடத்தில."

"ஈரமாகத்தானே போட்டாய்?"

"சொட்டச் சொட்ட."

எர்சிலியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பதக்கத்தைக் கழற்றவும் இல்லை, துணியை எடுக்கச் சொல்லவும் இல்லை. இன்றுவரைக்கும் அந்த வீடு சரணடையவில்லை. விமானங்களும் குண்டுகளைச் சுமந்தபடி மொண்டெல்லோக் கடலுக்கு மேலேதான் நிற்கின்றன. கோடையில் குளிக்க வருகிறவர்கள் விடிய வெள்ளெனவே வந்து, அவற்றின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் பாய் விரிக்கிறார்கள்.