புகை குறைந்த பிறகு

ஸ்கூடாய் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர்களான வசந்தினியும் சுகுமாறனும் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த டீசலில், புகையைக் குறைக்கும் சீரியம் ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்து என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் நன்றாக எரிந்தது. கரும்புகை பாதியாகக் குறைந்தது.

"அடுத்த மாசம் தொழிற்சாலை பஸ்ஸுலயே போட்டுப் பார்க்கலாம் லா," என்றான் சுகுமாறன்.

"நாம போட்ட தூள் எங்க போச்சு?" என்று கேட்டாள் வசந்தினி.

மறுநாள் புகைக்குழாயில் வடிதாளைப் பொருத்தி மறுபடி ஓட்டினார்கள். தாளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது, அதே துகள்கள் அதில் அப்பியிருந்தன.

"கரும்புகைன்னா ஜனங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. இது வர்றதே தெரியாதே, மூச்சோட நேரா நுரையீரலுக்குப் போயிடும்," என்றாள் அவள்.

மாசாய் ஊரில் சுகுமாறன் வீட்டெதிரேதான் தொழிற்சாலை பஸ்கள் நிற்கும்.

"முதல்ல இதைப் பிடிக்கிற வடிகட்டியைச் செய்வோம்," என்றான். சோதனைக்கு பஸ் தர ஒப்புக்கொண்டிருந்த முதலாளிக்கு அவனே போன் செய்து சோதனையைத் தள்ளிப்போட்டான்.