நாற்பது தட்டில் ஒரு முகம்

காலித்தட்டு யோசனை அந்த வீட்டு இரண்டு பெண்களில் பெரியவளுடையதுதான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

விழா ஏற்பாடு செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டாவது மாதம் வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். படித்துப் படித்துக் கடைசியில் பலூன் ஊதப் போயிருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஐடியா' என்று பெயர். அதையும் பாதிக் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் அறக்கட்டளை ஒன்று, நன்கொடை திரட்டப் பெரிய விருந்து வைத்தது. நாற்பது மேஜை, மேஜைக்கு எட்டுப் பேர். அலங்காரம் எப்படி, பந்தியில் என்னென்ன என்று பேசக் கூடிய கூட்டத்தில் ஆளாளுக்கு அவிழ்த்துவிட்டார்கள். பனிக்கட்டியில் குழந்தையின் கை செதுக்கலாம் என்றார் ஒருவர். பசிக்குப் பணம் கேட்கும் இடத்தில் ஆள் உயரத்துக்குச் சாக்லேட் நீரூற்று வைக்கலாம் என்று இன்னொருவர் வாய் கூசாமல் சொன்னார்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நடுவுல பூ, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். மேஜைக்கு ஒரு காலித்தட்டு வைங்க. அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடட்டும்" என்றாள்.

திட்டத்தான் சொன்னாள். ஆனால் அவர்கள் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டார்கள். பிறகு கை தட்டினார்கள். அவளுடைய மேலதிகாரி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அம்மாள், அப்போதே அதை அழகுபடுத்தத் தொடங்கிவிட்டார். "வெறும் தட்டுன்னா பீங்கான்தான் தெரியும். உள்ளே ஒரு முகம் வேணும். பசியோட ஒரு குழந்தை. விருந்தாளிங்க நன்கொடைத் தொகையைக் கார்டுல எழுதி அது மேல போடணும். போடப் போட முகம் மறையும், பசியும் மறையும். எப்படி?"

அந்த முகத்துக்கு எங்கே போவது? பள்ளிகள் பிள்ளைகளின் படத்தைத் தர மறுத்தன. சரியாகவே மறுத்தன. காசு கொடுத்து வாங்கிய படங்களைப் பார்த்து, "இதெல்லாம் சோப்பு விளம்பரம்" என்று மேடம் தள்ளிவிட்டார். ஒரு வாரம் ஓடியது. "ஐடியா கொடுத்தா போதாதும்மா, முடிச்சுக் காட்டணும்" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று மாலை பெரியவள் தன் போனைத் துழாவி ஒரு படத்தை மேடத்திடம் காட்டினாள்.

அது அவள் தங்கை. ஆறு வயதில் எடுத்தது. சாயம் போன கவுன், தோளில் ஊக்கு. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிப் பிடித்து, விளிம்புக்கு மேலே கண்ணை உருட்டிப் பார்க்கிறாள். இப்போது அந்தச் சின்னவள் வேறு ஊரில் நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். படத்தில் இருப்பது யார் என்று மேடம் கேட்டபோது, "தெரியலை மேடம், பழைய படம்" என்றாள் பெரியவள். எத்தனை சுலபமாக வாயில் வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு சமையலுக்குப் பேசியிருந்தவர் படுத்த படுக்கையானார். அவசரமாக வேறொரு சமையல் குழுவைப் பிடித்தார்கள். விருந்தன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் குழுவின் வேன் மண்டபத்தின் பின்வாசலில் வந்து நின்றது. பாத்திரம் கழுவும் பெண்களோடு பெரியவளின் அம்மா இறங்கினாள்.

"நீ எங்கடி இங்க?" என்றாள் அம்மா. தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் சாப்பாட்டு டப்பா.

"இது எங்க கம்பெனி விழாம்மா. நீ வர்றேன்னு சொல்லவே இல்லையே?"

"எனக்கே வேன்ல ஏறினப்புறம்தான் தெரியும். ஏன், வரக் கூடாதா? உங்க மேடம் பார்த்தா உனக்குக் குறைச்சலா?"

பக்கத்தில் இருந்த குட்டையக்கா, அம்மாவோடு பதினைந்து வருடமாகப் பாத்திரம் கழுவுகிறவள், இடித்துப் பேசினாள். "ஆபீசர் அம்மா, எங்களுக்கும் ஒரு மேஜை போட்டுடுங்க. கரண்டி பிடிச்சுச் சாப்பிட நாங்களும் பழகிட்டோம்."

பெரியவள் சிரித்துவைத்தாள். அம்மா தொட்டியடியில்தான் இருப்பாள், விருந்து நடக்கும் கூடத்துக்கு வர மாட்டாள், தட்டு அவள் கண்ணில் படாது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்தத் தைரியத்தில் மேடைத் திரையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

கணக்கு ஓர் இடத்தில் உதைத்தது. கூடத்தில் கம்பளம் விரித்துக்கொண்டிருந்ததால், அச்சகத்திலிருந்து படம் ஒட்டி வந்த தட்டுகளை அவளேதான் சமையல்கூட வாசலில் அடுக்கச் சொல்லியிருந்தாள். சமையல் மாஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. மேஜைக்குப் போகிற எந்தப் பாத்திரமும், கடையிலிருந்து புத்தம் புதிதாக வந்திருந்தாலும், அவருடைய தொட்டித் தண்ணீரைப் பார்க்காமல் போகக் கூடாது. வாசலில் நாற்பது தட்டு இருந்தால் அவருடைய ஆட்கள் கேள்வி கேட்பதில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கொதிநீரில் போட்டுவிடுவார்கள்.

திரையில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது அது அவளுக்கு உறைத்தது. ஓடினாள்.

தொட்டியடியில் ஆவி மண்டிக் கிடந்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்து கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் வெள்ளைத் தட்டுகள், பளிச்சென்று. காலடியில் வட்ட வட்டமாக ஊறிய காகிதம். அரைக் கண், ஒரு காது, ஊக்கு. இடப்பக்கம் நான்கே நான்கு தட்டு மிச்சம். நான்கிலும் சின்னவள் விழித்துக்கொண்டிருந்தாள்.

குட்டையக்கா இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா படத்தைப் பார்த்துவிட்டாள் என்று அப்போதே பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, அது கழுவுறதுக்கு இல்லை."

"முதல் ரெண்டு தட்டு தெரியாமத்தான் கழுவினேன். ஸ்டிக்கர் தானா வந்துடுச்சு" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "மூணாவது தட்டுல பார்த்தேன்."

"சொல்றதைக் கேளும்மா..."

"என்னன்னு எழுதியிருக்கு படத்துக்கு அடியில? எனக்குப் படிக்க வராது. குட்டைதான் படிச்சா. இன்னிக்காவது இவள் சாப்பிடுவாளான்னு போட்டிருக்காம்." அம்மா அடுத்த தட்டை எடுத்தாள். "அது அவ பொறந்த நாள். ரெண்டு வீட்டு வேலை முடிச்சு வந்து பாயசம் வச்சேன். மூணாவது தடவையா நக்கித் தின்னுட்டு இன்னும் குடுன்னு தட்டைத் தூக்கினா. கேமரா வச்சிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் சிரிச்சுக்கிட்டே எடுத்தாரு. நீயும்தானே பக்கத்துல உக்காந்து தின்ன?"

பெரியவளுக்குத் தின்றது ஞாபகம் இருந்தது.

"நான் பட்டினி கிடந்திருக்கேன். உங்களைப் போட்டதில்லை. ஒரு வேளை போட்டதில்லை. நாப்பது மேஜையில உக்காந்து நாலு பேர் பார்த்து, ஐயோ பாவம், இவளுக்குச் சோறு போட ஆளில்லையான்னு கேக்கணும். அதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பெரியவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். தன் வேலை, மேடம் பேசிய பேச்சு, ஒரு வாரத் தூக்கம், எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

அதற்குள் மேடம் வந்துவிட்டார், பின்னாலேயே சமையல் மாஸ்டர். மேடம் வெள்ளைத் தட்டுகளைப் பார்த்தார், தரையில் கிடந்த காகிதக் கூழைப் பார்த்தார்.

"யார் வேலை இது?"

மாஸ்டர் முந்திக்கொண்டார். "எந்த ஆளுன்னு சொல்லுங்க மேடம், இப்பவே வேன்ல ஏத்தி அனுப்பிடறேன்."

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான்தான் என்று சொல்ல எழுந்தும் நிற்கவில்லை, ஒளியவும் இல்லை. மகள் என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம் என்பதுபோல் இருந்தது அந்த முதுகு.

"இங்க வைக்கச் சொன்னது நான் மேடம்" என்றாள் பெரியவள். "வாசல்ல வச்சா கழுவிடுவாங்க. என் தப்பு."

"சரி, போகட்டும். மணி நாலு. நம்ம அச்சகம் தூரம், பக்கத்துல ஒருத்தன் ஒரு மணி நேரத்துல அடிச்சுக் குடுப்பான். உன் போன்லேர்ந்து படத்தை அனுப்பு."

போன் கையில்தான் இருந்தது. இரண்டு தடவை தொட்டால் போய்விடும்.

"அனுப்ப மாட்டேன்."

"என்னது?"

"அது என் தங்கச்சி மேடம். அவளைக் கேக்காம கொடுத்துட்டேன். யாருன்னு தெரியாதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அது பசியில எடுத்த படமும் இல்லை."

மேடத்தின் முகத்தில் வந்தது கோபம் இல்லை, சலிப்பு. "எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும்மா. அதைப் போன வாரமே சொல்லியிருக்கணும். இப்ப மேஜை நடுவுல நான் என்னத்தை வைக்க?"

"காலித்தட்டுன்னுதானே பேசினோம். காலியாவே வைங்க."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தட்டை மேஜைக்கு அனுப்பு. நாளைக்கு ஆபீஸ் வா, பேசிக்கலாம்" என்றார். அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. போகிற போக்கில் திரும்பி, "கார்டுல இருக்கறதை இனிமே என்ன பண்ண முடியும்?" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் கை நின்றது. "எந்தக் கார்டு?"

பெரியவள் ஈரத் தரையிலேயே குந்தினாள். "அழைப்பிதழ்ம்மா. அதுலயும் அவ படம்தான். முந்நூறு கார்டு. போன்லயும் எல்லாருக்கும் அனுப்பியாச்சு."

"எப்ப?"

"போன வாரம்."

அம்மா மிச்சமிருந்த ஒரு தட்டைப் பார்த்தாள். அதைத் தேய்க்காமல் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். "இதை நான் தேய்ச்சுடுவேன். அதை யார் தேய்க்கறது?"

குட்டையக்கா மூக்கை உறிஞ்சினாள். அடுப்புப் பக்கம் யாரோ கரண்டி கேட்டுக் கத்தினார்கள்.

"அவளுக்குப் போன் போடு" என்றாள் அம்மா. "நான் பேச மாட்டேன். நீ சொல்லு. இங்கேயே, என் முன்னாடி சொல்லு."

பெரியவள் எண்ணை அழுத்தினாள். எப்படித் தொடங்குவது என்று யோசிக்க நான்கைந்து மணியாவது அடிக்கும் என்று நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் சின்னவள்.

"ஒரு விஷயம் சொல்லணும்டி..."

"கார்டுதானே?" என்றாள் சின்னவள். குரலில் அழுகை இல்லை, சண்டையும் இல்லை. "எங்க கிளாஸ் குரூப்புக்கு வந்து நாலு நாளாச்சு. இது நீதானேன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். இன்னிக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்க்கா."

அம்மா என்ன என்று கண்ணால் கேட்டாள். பெரியவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.