உட்கார்ந்த ஜெனரல்

ஜெனரல் அர்சேனி ஸூபரினின் உருவப்படம் 1872 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை முற்பகலில் நாற்காலியில் உட்கார்ந்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக அது நின்றுகொண்டிருந்தது. வரைந்த ஓவியன் ஜெனரலை நிற்கவைத்து, மார்பு நிறையப் பதக்கங்களைத் தீட்டி, பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தான். மறு ஆண்டு அவர் போருக்குக் கிளம்பியபோது வீட்டார் எல்லோரும் வழக்கப்படி ஒரு நிமிடம் உட்கார்ந்தார்கள். போகிறவரும் வழியனுப்புகிறவரும் அப்படி உட்கார்ந்து எழாமல் அவர்கள் ஊரான லூகினோவில் யாரும் வாசல் தாண்டுவதில்லை. ஜெனரல் மட்டும், "இதெல்லாம் பொம்பளைங்க சாஸ்திரம்" என்று சிரித்துவிட்டு நின்றபடியே போனார். திரும்பி வரவில்லை.

பத்தொன்பது ஆண்டு கழித்து மகள் லீப்பா மருத்துவச்சிப் படிப்புக்காகத் தலைநகருக்குக் கிளம்பினாள். திங்கட்கிழமை வண்டி வந்தது, பெட்டி ஏறியது, சமையல்காரி உட்பட எல்லோரும் உட்கார்ந்தார்கள். விதவை கிளஃபீரா மட்டும் உட்காரவில்லை. அந்த வாசலுக்கு இன்னொருத்தரையும் வாரிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"நான் உட்கார்ந்தாத்தானே நீ கிளம்புவே? உட்கார மாட்டேன், போடி."

"அப்போ நானும் நிக்கிறேம்மா. யாரு கால் முதல்ல வலிக்குதுன்னு பார்த்துடலாம்."

தாயும் மகளும் மூன்று நாள் நின்றார்கள். முட்டைக்கோஸ் சூப்பை நின்றே குடித்தார்கள், அடுப்புச் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். வண்டிக்காரன் யெர்மலாய் தினமும் எட்டிப் பார்த்து, "அம்மா, குதிரையே படுத்துடுச்சு, நீங்க இன்னும் நிக்கிறீங்களே!" என்று சொல்லிவிட்டுப் போனான். கிளஃபீராவின் கால்கள் வீங்கின. பிடிவாதம் மட்டும் இளைக்கவில்லை.

வியாழக்கிழமை படத்துக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. ஜெனரல் வாளை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார், பதக்கங்கள் கிலுகிலுத்தன. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். தப்புச் செய்தவரின் முகம். கிளஃபீராவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும்! இதை அன்னைக்கே செஞ்சிருந்தா என்னவாம்?" என்று அழுதாள். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கழித்துத் தாயும் மகளும் எழுந்தார்கள்.

லீப்பா போனாள். ஏறக்குறைய நான்காண்டுகள் ஜெனரல் எழவேயில்லை. வந்தவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆளுநரே ஒருமுறை முகம் சுளித்தார். "பொண்ணு ஊருக்குப் போயிருக்கா, அதான்" என்பாள் கிளஃபீரா.

1876 மே மாதம் ஒரு காலை தூசி தட்டப் போனவள், ஜெனரல் எழுந்து நின்று மீசையை நீவிக்கொண்டிருப்பதைக் கண்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தேநீருக்குச் சமோவாரில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். வண்டி அப்போதுதான் பாலம் ஏறிக்கொண்டிருந்தது.