கடைசி பெஞ்சின் உவமை

இன்ஸ்பெக்‌ஷன் என்றாலே ஆதிலட்சுமி டீச்சருக்குப் பயம். இந்த முறை கேட்கவே வேண்டாம். அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாவதும் பறிபோவதும் இன்ஸ்பெக்டர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது. வீட்டில் கணவர் வேடியப்பன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வேறு வரும்படி கிடையாது.

தலைமை ஆசிரியர் கோதண்டராமன் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தார். பாடம் உவமை அணி. முன் பெஞ்சுப் பெண்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று: மதி போன்ற முகம், மலர் போன்ற கை, மயில் போன்ற சாயல். வருஷா வருஷம் இதே சரக்குதான். வாய்த்துடுக்கான கஸ்தூரியைக் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

டீச்சருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளைச் சொந்தமாக உவமை சொல்ல வைத்துப் பார்த்தவள்தான். பரீட்சைக்கு வராததை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கோதண்டராமன் ஒரே போடாகப் போட்டார். அன்றோடு அடங்கிப்போனாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முகமும் கையும் சாயலும் பிசகில்லாமல் ஒப்பிக்கப்பட்டன. அவர் கொட்டாவியை மென்று விழுங்கிவிட்டு, நேராகத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். புத்தகத்தில் இல்லாத உவமை ஒன்று வேண்டும் என்றார்.

கஸ்தூரி எழுந்து, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள்.

“எங்க டீச்சர் பாடம் நடத்துறது, கிரிவலம் போற மாதிரி இருக்குது சார்.”

கூடவே வந்திருந்த கோதண்டராமன் முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பி, மேற்கொண்டு நீங்களே கேளுங்கள் என்றார்.

அடுத்த கேள்வி என்னவென்று டீச்சருக்குத் தெரியும். பதிலும் தெரியும். பாழாய்ப்போன பாடத்தை நடத்தியவளே அவள்தானே! உட்காரச் சொல்லுங்கள் என்று கோதண்டராமன் கண்ணைக் காட்டினார். சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளை சொந்தமாக யோசித்திருக்கிறது. அதன் வாயை மூட அவளுக்கு மனசு வரவில்லை.

“ரெண்டுக்கும் பொதுத்தன்மை என்ன?”

“நடந்து நடந்து காலு ஓஞ்சிபோவுது டீச்சர். கடைசில பாத்தா, கெளம்பின எடத்துலயே வந்து நிக்கிறோம்.”

பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பத்தும் போடுவேன் சார்” என்றாள். அவமானத்தில் காது மடல் சுட்டது. அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மனப்பாடம் இல்லாமல் புரிந்து சொல்லும் பிள்ளையை இந்த ஜில்லாவில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஜீப் கிளம்பியதும் கோதண்டராமன் வராந்தாவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பிச்சீங்கம்மா. இனிமே ரிடையர் ஆவுற வரைக்கும் கவலையில்ல, இதே கிளாசு, இதே பாடம். அந்தப் பொண்ண மட்டும் அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு லீவு போடச் சொல்லிடுங்க.”

வேடியப்பனின் மருந்துச் சீட்டு பையில் இருந்தது.

“சரிங்க சார்” என்றாள் ஆதிலட்சுமி.