துணிப் பையோடு போன கத்திரி

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மக்கு அக்கா. வேறென்ன வைப்பார்கள்? மக்கும் குப்பை பச்சை வாளி, மக்காத குப்பை நீல வாளி, துணி மட்டும் வெள்ளைப் பை என்று இரண்டு வருடமாக வாசல் வாசலாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவளுக்கு அதுவே பெரிய மரியாதை. சுகாதார அலுவலகம் கொடுத்தது ஒரு தொப்பியும் ஒரு கட்டு நோட்டீசும்தான். மீதியெல்லாம் அவள் வாய் செய்த வேலை. அவள் முகத்தில் கதவைச் சாத்தியவர்கள்கூட இப்போது பால் கவரைக் கழுவிக் காயப்போடுகிறார்கள்.

கடைசியாக வழிக்கு வந்தவர் முனை வீட்டு டெய்லரம்மா. எனக்கு வேறு வேலை இல்லையா என்று ஒன்றரை வருடம் இழுத்தடித்தவர். வெட்டுத் துணியெல்லாம் குப்பை பிரிக்கும் கொட்டகைக்குத் தனியாகப் போய் மெத்தைப் பஞ்சாக மாறும் என்று கேட்ட அன்றுதான் மனம் இளகினார். அதன்பிறகு அந்த வீட்டு ஒழுங்கு வேறெங்கும் கிடையாது.

அந்த டெய்லரம்மா செவ்வாய்க்கிழமை காலையில் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கத்திரியைக் காணவில்லை. இருபத்தாறு வருடக் கத்திரி, அவர் கட்டைவிரலுக்கென்றே தேய்ந்த கைப்பிடி. முந்தின நாள் வண்டியில் ஏற்றிய வெள்ளைப் பையில் வெட்டுத் துணியோடு போயிருக்க வேண்டும். இரவல் கத்திரி கைக்குப் படியவில்லை. அதற்குள் யாருடைய ரவிக்கைத் துணியோ கோணலாகிவிட்டது. ஆனாலும் அவர் பதறவில்லை.

"துணியெல்லாம் தனியாத்தானேம்மா குமிச்சிருப்பாங்க? அதுல தேடினா கிடைச்சிடும். உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

அவள் கணவன்தான் அந்தக் குப்பை லாரியின் டிரைவர். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு லாரி ஷெட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னாள். துணிக் குவியலை ஒரு எட்டு பார்த்தால் போதும் என்றாள். அவன் பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைந்துகொண்டிருந்தான்.

"எந்தத் துணிக் குவியல்?" என்றான் கடைசியில்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கொட்டகையைப் பூட்டி நாலு மாதம் ஆகிறது. லாரிக்குள் இருந்த தடுப்புத் தகட்டையும் இடம் அடைக்கிறதென்று கழற்றிவிட்டார்கள். பச்சை, நீலம், வெள்ளை எல்லாம் ஒரே பள்ளத்தில்தான் விழுகின்றன. கத்திரி விழுந்த இடத்தின்மேல் அதற்குள் நாலு லோடு விழுந்து, மண்ணும் போட்டாயிற்று.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"டெய்லரம்மா வழிக்கு வந்துட்டாங்கன்னு குதிச்சுக்கிட்டு வந்தியே, அன்னிக்குத்தான் பூட்டினாங்க. எந்த வாயால சொல்றது?"

அவளுக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். கொட்டகை என்றைக்காவது திறக்கும், அதுவரை ஜனங்களுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது, பழக்கம் போனால் திரும்ப வராது என்றார். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் எரிச்சல். புறப்படும்போது இன்னொரு கட்டு நோட்டீஸ் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் டெய்லரம்மா வீட்டில் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் மடியில் அந்தக் கோணல் துணி கிடந்தது. மிஷின் பக்கத்தில் அடுத்த வண்டிக்கான வெள்ளைப் பை, வாய் கட்டித் தயாராக இருந்தது.

"பசங்க உன்னை மக்குன்னு கூப்பிடறப்பல்லாம் நான் அதட்டுவேன்," என்றார் டெய்லரம்மா. "இத்தனை நாளா அது நான்தானாம்மா?"

திட்டியிருந்தால் தேவலை. அவர் நிஜமாகவே கேட்டார். நோட்டீஸ் கட்டை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது.

எதிர்வீட்டு அம்மா கையில் உடைந்த குடையோடு காத்திருந்தார். துணி வேறு, கம்பி வேறு, இதை எதில் போடுவது என்று கேட்டார். எதில் போட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"கம்பி மக்காததும்மா, நீல வாளி. துணியைப் பிரிச்சு வெள்ளைப் பையில போட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. முதுகுக்குப் பின்னால் தையல் மிஷின் சத்தம் நின்றிருந்தது. டெய்லரம்மா வீட்டுக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.