சிவப்புக் கயிற்றுக் கோடு

என் தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். முப்பது வயதான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போகும்படி அவளும் நடந்துகொள்ளவில்லை. பிறவியிலேயே கண் தெரியாது. கணக்கில் முதுகலை முடித்திருக்கிறாள். யாராவது "பாவம்" என்று இழுத்தால் அவர்கள் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அவளை நினைத்தால் எனக்குக் கொள்ளைப் பெருமை. நேரில் சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாள் என்பதால் சொல்வதில்லை.

கணக்கு டீச்சராக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஏறி இறங்கிய பள்ளிகளெல்லாம் காபி கொடுத்து, கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டன. கடைசியாகப் போன பள்ளியின் தலைமையாசிரியை மட்டும் மனதில் இருந்ததை நேராகக் கேட்டார்.

"வரைபடம் எப்படிம்மா நடத்துவீங்க? பிள்ளைங்க போர்டைப் பார்த்துத்தானே கேள்வி கேட்பாங்க? ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க. சரியா வந்தா வேலை உங்களுக்கு."

நான் தையல்காரி. தடித்த கேன்வாஸ் துணியில் வரைபடம் தைத்துத் தரச் சொன்னாள் வாலு. அச்சுகள் கறுப்பு நூலில், எண்ணுக்கொரு முடிச்சு. கோட்டுக்கு, தலையணை உறை ஓரத்தில் வைக்கும் பைப்பிங் கயிறு, நல்ல சிவப்பில். "இடப்பக்கம் மேலேயிருந்து சரிஞ்சு வரணும்க்கா. கிடை அச்சை வலப்பக்கம் மூணாவது முடிச்சுல வெட்டிட்டுக் கீழே போகணும்." கிளம்புகிற அன்று காலையில்தான் முடித்தேன்.

"ஒரு தடவை தடவிப் பார்த்துக்கோடி."

"நீ தைச்சதுதானே, அதுல என்னத்தைப் பார்க்க? பஸ்ஸு போயிடும், வா."

வகுப்பில் துணியைப் போர்டில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கோடு சரியவில்லை. இடப்பக்கம் கீழேயிருந்து ஏறிக்கொண்டு போனது. எந்தத் துணியானாலும் சாக்பீஸால் உள்பக்கம் கோடு போட்டே பழகிய கை. அதே பழக்கத்தில் இதற்கும் பின்பக்கம் வரைந்து, முன்பக்கம் கயிற்றைத் தைத்திருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. என் கையை வெட்டிப் போட வேண்டும்போல இருந்தது.

"இந்தச் சார்பு எங்கே பிளஸ், எங்கே மைனஸ்? யார் சொல்றீங்க?" என்றாள் வாலு.

இரட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்தாள். "மைனஸ் மூணுக்கு வலப்பக்கம் பிளஸ், மிஸ்."

"இல்லைம்மா. மூணுக்கு இடப்பக்கம்தான் பிளஸ்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். போச்சு, எல்லாம் என்னால் போச்சு. சொல்லிவிடலாமென்று பாதி எழுந்தேன்.

சடைக்காரி விடவில்லை. "கோடு மைனஸ் மூணுலதான் மிஸ் வெட்டுது."

வாலு திரும்பித் துணியில் கை வைத்தாள். இடது விரல் கிடை அச்சில், வலது விரல் கயிற்றில். இரண்டையும் சேர்த்து நகர்த்தினாள். கயிற்றிலிருந்த விரல் முதலில் அச்சுக்குக் கீழே இருந்தது. பிறகு இரண்டு விரலும் தொட்டுக்கொண்டன. அப்புறம் அது மேலே ஏறிப் போனது. தொட்ட இடத்திலிருந்து நடு அச்சுவரை முடிச்சுகளை எண்ணினாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே வந்தது.

"நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு. பார்க்காம சொல்லிட்டேன். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இந்த மாதிரி விரலை நகர்த்திப் பாருங்க. கோட்டுல இருக்கிற விரல் எங்கே அச்சுக்கு மேல இருக்கோ, அங்கே பிளஸ். அவ்வளவுதான்." பிள்ளைகள் புத்தகத்திலிருந்த கோடுகளில் விரலை ஓட்டினார்கள்.

பிறகு கிளிப்பைக் கழற்றித் துணியை மறுபக்கம் திருப்பி மாட்டினாள். பிசிறும் முடிச்சுமாக என் தையல் அத்தனை பேருக்கும் தெரிந்தது. கோடு இப்போது சரிந்து இறங்கியது.

"இப்போ?"

"இறங்குது மிஸ். அப்போ பூரா மைனஸ்!" பாதி வகுப்பு கத்தியது.

"மூணாவது மாடியிலேருந்து ஒருத்தி படி இறங்கிட்டிருக்கா. ரெண்டாவது மாடியில நிக்கிறா. அவ தரைக்குக் கீழே போயிட்டாளா?"

"இல்லை..."

"இறங்கட்டும், ஏறட்டும், அது அவ பாடு. தரைக்கு மேல இருக்காளா, கீழ இருக்காளா? நாம கேட்கிறது அது மட்டும்தான்."

சடைக்காரி கண்ணை மூடி, காற்றிலேயே இரண்டு விரலை நகர்த்தினாள். "மூணுக்கு இடப்பக்கம் பிளஸ், மிஸ். நீங்க முதல்ல சொன்ன மாதிரியே!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மணி அடித்தும் பிள்ளைகள் துணியைச் சுற்றி மொய்த்தார்கள். தலைமையாசிரியை அவர்களை விலக்கிக்கொண்டு போனார்.

"தொட்டுக்கூடப் பார்க்காம அவ்வளவு உறுதியா ஏம்மா சொன்னீங்க?"

"எங்க அக்கா தைச்சது மேடம். அவ செஞ்சதை நான் சரி பார்க்கிறதில்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமையிலேருந்து சரி பார்த்துட்டு வகுப்புக்கு வாங்க," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் துணியை என் மடியில் வைத்துக்கொண்டேன். "பிரிச்சு ஒழுங்காத் தைச்சுத் தர்றேன்டி."

வாலு வெடுக்கென்று பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள்.

"கை வச்சே, தொலைஞ்சே. எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்."