ஐந்து அக்கா உயரத் தூண்

புவியியல் ஆய்வு அலுவலகத்தின் இளசுகள் எந்த உயரத்தையும் மீட்டரில் சொல்வதில்லை, அக்காவில்தான் சொல்வார்கள். குன்றுக்குப் பின்னால் இருக்கும் கல் வளைவு மூன்றேகால் அக்கா. ஓடைக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரம், படுத்தவாக்கில் ஏழு அக்கா. பொட்டலில் தன்னந்தனியாக நிற்கும் மொட்டைத்தூண் பாறை சரியாக ஐந்து அக்கா.

அந்த அக்கா, மூத்த புவியியலாளரின் மனைவி. பாறையைப் படம் எடுத்தால் பக்கத்தில் உயரம் தெரிந்த ஒரு பொருளை வைத்து எடுப்பது அந்தத் தொழிலின் வழக்கம். பார்க்கிறவனுக்கு இது கூழாங்கல்லா குன்றா என்று தெரியவேண்டுமே. மற்றவர்கள் சுத்தியலை வைப்பார்கள், சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசிய அளவுக்கம்பை நிறுத்துவார்கள். இவரோ கல்யாணமான புதிதில், மனைவியோடு ஊர் சுற்றப் போனபோது, கம்பைப் பேருந்திலேயே விட்டுவிட்டு மொட்டைத்தூணில் இறங்கினார்.

"நீ கொஞ்சம் அந்தப் பாறைகிட்ட நில்லேன்" என்றார்.

புது மாப்பிள்ளை ஆசையாகப் படம் எடுக்கிறார் என்று நினைத்து அவள் முடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத, நேரா நில்லு. ஆமா, நீ என்ன உயரம்?"

நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர். தேனிலவு அந்த நிமிடத்தோடு முடிந்தது, உத்தியோகம் தொடங்கியது. சம்பளமும் கிடையாது, விடுப்பும் கிடையாது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அவள் நிற்காத பாறை இல்லை. வெயிலில் நின்றாள், தூறலில் நின்றாள், மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தின் பின்பக்கம் 'குழந்தை நீங்கலாக' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். கல்மரத்தின் மேல் ஒரு தடவை அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி எந்திரி! அதுக்குப் பல கோடி வயசு!"

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். உட்காரத்தான் தடை, நிற்பதற்கு இல்லை.

வீட்டு அலமாரி நிறைய ஆல்பங்கள். ஒன்றில்கூட அவள் முகம் கடுகைவிடப் பெரிதாக இல்லை. மகன் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போன பிறகு ஒருநாள் போனில், "அம்மா, உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்று கேட்டான். அவள் கல் வளைவை அனுப்பிவைத்தாள்.

இப்போது புவியியலாளருக்கு ஓய்வு பெறும் மாதம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மற்றவர்கள் கண்டுபிடித்த பாறைகளைச் சரிபார்த்தே காலம் ஓடிவிட்டது. தன் பேரில் ஒரு கிளிஞ்சல்கூட இல்லை என்ற குறை அவருக்கு உண்டு. போவதற்கு முன் மொட்டைத்தூணை ஒரு தடவை படம் எடுத்துவிடலாம் என்று கிளம்பினார். முதல் படம் எடுத்த அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில்.

"சார், கம்பு இருக்கே, அக்கா எதுக்கு? பாவம், முதுகு வலின்னாங்க" என்றான் ஓர் இளைஞன்.

"ஒப்பிட்டுப் பாக்கணும்னா அளவுகோல் மாறவே கூடாதுப்பா. அது அடிப்படை."

அடிப்படை முதுகில் வலி நிவாரணப் பட்டை ஒட்டிக்கொண்டு பேருந்து ஏறியது.

திரும்பி வந்து இரண்டு படங்களையும் மேசையில் வைத்துக் கவராயத்தால் அளந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பழைய படத்தில் தூண் ஐந்து அக்கா. புதிய படத்தில் ஐந்து அக்கா, அதற்கு மேல் ஓர் அடி.

"பாறை வளருமாங்க?" என்றாள் மனைவி.

"பாறை எங்க வளரும்? அடில மண்ணு போயிருக்கு! ஒரு அடி! இவ்வளவு வேகமா தேயுற நிலம் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது, தெரியுமா? இது என் கண்டுபிடிப்பு!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதேயில்லை. மகன் பிறந்தபோதுகூட "சரி, நல்லது" என்றுதான் சொன்னார்.

அலுவலகத் தலைவருக்குப் 'புதைபடிவம்' என்று பட்டப்பெயர். ஒரே நாற்காலியில் அடுக்கடுக்காகக் கோப்பு விழுந்து அவரை மூடிவிட்டதால் வந்த பெயர். அவரே கோப்பை விலக்கி எட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை ஆய்வுக் குழுவின் முன் பேசச் சொன்னார். குழு ஏற்றுக்கொண்டால் தேய்மானத்தை ஆராய இரண்டு வருடம் பதவி நீட்டிப்பு. நிலத்துக்கு அவர் பெயரை வைத்தாலும் வைக்கலாம்.

சனிக்கிழமை அவள் முதுகைக் காட்ட எலும்பு மருத்துவரிடம் போனாள். தனியாகத்தான் போனாள், அவர் உரை எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸ் அவளைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் பலகையை இறக்கினாள்.

"நூத்தி அம்பத்தொண்ணு."

"நூத்தி அம்பத்தேழும்மா. இன்னொரு தடவை பாரு. என் உயரம் பாறைப் புஸ்தகத்துலயே வந்திருக்கு."

"புஸ்தகத்துல வந்தவங்கள்லாம் இங்க வந்தா குறையத்தான் செய்வாங்க. நேரா நில்லுங்க. நூத்தி அம்பத்தொண்ணேதான்."

எலும்பு தேய்ந்து முதுகெலும்பு அமுங்கியிருக்கிறது, மெல்ல மெல்ல நடந்திருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரை தந்தார். எடை தூக்காதீர்கள், ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்றார். கடைசி வார்த்தையைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் அவர் பீரோக் கண்ணாடி முன் நின்று குழுவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. அளவுகோல் குட்டையானால் அளக்கப்படுவது நெட்டையாகத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அவருக்குப் பேர் கிடைக்கும், அவளுக்கு இரண்டு வருடம் தூணடியில் நிற்கும் வேலை கிடைக்கும். சொன்னால் அந்த மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போட்ட கூச்சல் வீணாகும். குழுவில் எவனாவது எதைவைத்து அளந்தீர்கள் என்று கேட்டுவிட்டால்? அவளுக்கு அசதியாக இருந்தது. யோசிக்கவும் தெம்பில்லை.

"என்னங்க, நான் குட்டையாயிட்டேன்."

"ம். டீ போடு."

"ஆறு சென்டிமீட்டர்."

கண்ணாடியில் அவர் முகம் திரும்பியது. பிறகுதான் ஆள் திரும்பினார்.

அவளைச் சமையலறைக் கதவுநிலையோடு நிறுத்தினார். மகன் சின்ன வயதில் வளர வளரப் போட்ட கோடுகள் அதில் இன்னும் இருந்தன. தலைமேல் பாறையியல் புத்தகத்தைத் தட்டையாக வைத்து, கோடு கிழித்து, அளவு நாடாவைப் பிடித்தார். இன்னொரு தடவை பிடித்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ தூண் அப்படியேதான் இருக்கு."

"ம்."

"மண்ணும் போகல."

"இல்ல."

"தேஞ்சது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கதவுநிலையில் கிழித்த புதுக் கோட்டை விரலால் தொட்டார். "எப்பலேருந்து?"

"கல்லுல ஒரு கீறல் விழுந்தா கண்டுபிடிப்பீங்க. நீங்கதான் சொல்லணும்."

"வலிக்குதா?"

"எது?"

"முதுகு."

"அஞ்சு வருஷமா வலிக்குது."

அவள் டீ போட உள்ளே போனாள். அவர் உரைத்தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

திங்கட்கிழமை குழு கூடுவதற்கு முன் புதைபடிவத்தின் அறைக்குப் போய், கண்டுபிடிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். அளவுகோலில் பிழை.

"எந்தக் கம்பெனி அளவுகோல்யா அது? புகார் எழுதிப் போடுவோம்!"

"முடியாதுங்க. கம்பெனி எங்க மாமனாரு."

புதைபடிவம் கோப்புக்குள் திரும்பிப் போனார். நீட்டிப்பு அதோடு போயிற்று.

வேலையின் கடைசி வாரத்தில் அளவுக்கம்பை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு மொட்டைத்தூணுக்குக் கிளம்பினார். "நீ வர வேண்டாம், ஓய்வெடு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. கேட்ட பிறகும் கிளம்பினாள். கம்பை மறுபடியும் பேருந்திலேயே விட்டுவிடுவார் என்று சொல்லிக்கொண்டாள்.

தூண் வழக்கம்போல நின்றது. அவர் அதன் அடியில் கம்பை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அதில் கூச்சல் போட ஒன்றுமில்லை. பிறகு பையிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து, தூணுக்கு வெகுதூரம் தள்ளி, நிழலில் விரித்தார்.

"உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் பின்னால் போகாமல் கிட்டே வந்தார். கேமராவுக்குள் அவள் முகத்தைத் தவிர எதுவும் விழ வழியில்லாத அளவுக்குக் கிட்டே. அவளோ பழக்க தோஷத்தில் நிமிர்ந்து, உதட்டை மூடி, தூரத்தில் பார்த்தாள்.

"இங்க பாரு. சிரிக்கலாம்."

எப்படியென்று அவளுக்குச் சட்டென்று வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல ஓடிப்போய் அளவுக்கம்பை எடுத்துவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் ஊன்றினார்.

"அது எதுக்குங்க?"

"அளவுக்கு. அடுத்த வருஷமும் எடுக்கணும்ல. ஒப்பிட்டுப் பாக்கணும்."

அவள் கம்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டாள்.

"சரி, சீக்கிரம் எடுங்க" என்றாள். "அலுப்பா இருக்கு."